மிச்சமும் பரிசும்

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு என் மனைவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஒரு சோப்புக் கட்டியைப் பற்றிய கேள்வி. அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைப்பதற்காகக் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன். ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு சௌகரியம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சோப்பு, பற்பசை, தேங்காயெண்ணெய், ஷாம்பு, முகப்பவுடர் முதலிய சாமான்களை வாங்குகிற இலாகா எங்கள் வீட்டில் என்னுடையது. மாதம் ஒரு முறை மதுரைக் கீழமாசி வீதிக்கு நானே போய் வாங்கி வருவேன். மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த வீதி அது. கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்று சொல்லுகிறவர்கள் என்னை அந்த வீதியில் பார்த்ததில்லை. உறையின் மேல் மொத்த விலையோடு, ஒரு கிராமுக்கு இவ்வளவு, ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்றும் அச்சிட வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதற்கென்றே ஒரு கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

விலையோடு நான் விட்டுவிடுவதும் இல்லை. சோப்பில் கொழுப்புப் பொருள் மொத்தம் எத்தனை சதவிகிதம் என்று பார்ப்பேன். டி.எஃப்.எம். என்று மூன்று எழுத்தில் போட்டிருப்பார்கள். 76 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 70 இரண்டாம் தரம். 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே இறங்கினால் அதை ‘டாய்லெட் சோப்’ என்று விற்க முடியாது. ‘பேதிங் பார்’ என்று வேறு பெயர் போட்டு விற்பார்கள். நம்மில் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி விலையை மட்டும் பார்த்து வாங்கி வருகிறோம். மலிவு வேறு, சிக்கனம் வேறு என்பதை அந்தப் பொடி எழுத்து எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தும்.

அன்றைக்கு ஒரு நல்ல சோப்புக்குச் சலுகை போட்டிருந்தார்கள். மூன்று கட்டி வாங்கினால் நான்காவது கட்டி இலவசம். வாங்கினேன். இதையும் மற்றச் சாமான்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில் 212 ரூபாய் மிச்சம். ஒரு நல்ல சிறுகதை எழுதி முடித்த நிறைவோடு, அங்கிருந்து நேரே தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனேன். நண்பர் ஒருவருடைய பேத்திக்குக் கல்யாணம். அவளுக்குக் கொடுப்பதற்காக ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம், நாலு கடை ஏறி இறங்கினேன். மூடியில் அன்னம் செதுக்கிய சிமிழ் ஒன்று கிடைத்தது. அந்தக் கடையில் பேரம் பேசவே இல்லை. பரிசுப் பொருளுக்குப் பேரம் பேசினால் பரிசு அழுக்காகிவிடும் என்பது என் சித்தாந்தம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த நான்காவது கட்டிக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைக்கிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். தீபாவளிக்கு அவளுக்குப் புடவையும் பணமும் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் அதோடு ஒரு வாசனைச் சோப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் என் மனைவி கேட்டாள்: “அந்த இலவசக் கட்டியா?”

“ஆமாம்.”

“என்னங்க, அது பரிசா, மிச்சமா?”

இவ்வளவுதான் கேள்வி. “எதுவாக இருந்தால் என்ன? கொடுத்தேன் அல்லவா?” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அதில் ஒரு வரியும் படிக்கவில்லை.

சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாரையாவது கேட்டால், ஒரு காரியத்துக்காகச் சேர்ப்பது சிக்கனம், காரியம் இல்லாமல் சேர்ப்பது உலோபம் என்று சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாமும் அப்படித்தான் எழுதி மார்க்கு வாங்கினோம். ஆனால் உலகத்தில் காரியம் இல்லாத உலோபி யார்? ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் இருக்கிறது. பெண்ணின் கல்யாணம், வயோதிகம், வியாதி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லாத உலோபியை நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த விடை போதாது. சரியான விடையின் முதல் பாதியை என் தாயார் எனக்கு 1975-ஆம் வருஷத்தில் கற்றுக்கொடுத்தாள். அரைகுறையாகக் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இந்த வயதில் மறுபடியும் பாடம் படிக்க வேண்டி வந்திராது.

அறுபதுகளில் எங்கள் வீடு மதுரையில் ஓர் ஒண்டுக் குடித்தனம். அப்பாவுக்கு குமாஸ்தா உத்தியோகம். அம்மா, அக்கா, நான். பல் துலக்கக் கோபால் பல்பொடி. குளிக்கச் சிவப்பு லைப்பாய்க் கட்டி. அந்தக் கட்டியை அம்மா முழுசாகக் குளியலறைக்கு அனுப்பியதே இல்லை. வாங்கின அன்றே உறையைப் பிரித்து, நூலை இறுக்கிப் பிடித்து இரண்டாக அறுத்து, அடுப்படி மாடத்தில் ஒரு மாதம் காய விடுவாள். ஈரம் வற்றிய சோப்பு சீக்கிரம் கரையாது என்பது அவளுடைய ரசாயன சாஸ்திரம். அது சரியான சாஸ்திரந்தான். தேய்ந்து சில்லாகிப் போனதைப் புதுக் கட்டியின் முதுகில் ஈரத்தோடு அழுத்தி ஒட்டிவிடுவாள். எங்கள் வீட்டுச் சோப்புக்கு எப்போதும் ஒரு திமில் இருக்கும்.

அம்மா மட்டும் சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டாள். பயத்தமாவு, மஞ்சள், வெள்ளிக்கிழமையானால் சீயக்காய். ஏன் என்று கேட்டால், “எனக்குச் சோப்பு ஒத்துக்கிடாதுப்பா” என்பாள். சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. அம்மாவுக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாது. நாங்கள் மூன்று பேரும் அதை வேதவாக்காக நம்பினோம். அப்பா வெளியார் நாலு பேரிடம், “எங்க வீட்டிலே அவ செட்டு யாருக்கும் வராது” என்று பெருமையாகச் சொல்லுவார்.

1975-இல் எனக்கு உத்தியோகம் ஆயிற்று. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஏதாவது விசேஷமாக வாங்க வேண்டும் என்று ஆசை. புடவை எடுத்தால் அக்காவுக்குக் கொடுத்துவிடுவாள். பணமாகக் கொடுத்தால் வீட்டுச் செலவில் கரைத்துவிடுவாள். யோசித்துக்கொண்டே கடைவீதியில் நடந்தபோது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மைசூர் சந்தன சோப்பு கண்ணில் பட்டது. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் சந்தனக் கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப வழியில்லாமற் போக, மைசூர் சமஸ்தானம் 1916-இல் தானே சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கிற்று. அந்த எண்ணெயிலிருந்து பிறந்த சோப்பு அது. நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் மூன்று கட்டிகள் அடுக்கியிருந்தன. சோப்பு ஒத்துக்கொள்ளாதவளுக்குச் சோப்பு எதற்கு என்று ஒரு கணம் தயங்கினேன். துணிப் பெட்டியில் போட்டு வைத்தால் புடவையாவது மணக்குமே என்று சமாதானம் செய்துகொண்டு வாங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் வீடு முழுவதும் சந்தன வாசனை. அம்மா தலைமுடியைத் துண்டால் முடிந்துகொண்டு குளியலறையிலிருந்து வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. நான் திகைத்துப்போய், “உனக்குச் சோப்பு ஒத்துக்கிடாதே அம்மா?” என்றேன்.

அம்மா சிரித்தாள். “அப்ப ஒத்துக்கிடலை. இப்ப ஒத்துக்கிடுது” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

எனக்குச் சுரீரென்றது. அப்பா மோர் கேட்டுக்கொண்டிருந்த குரல் என் காதில் விழவில்லை. எத்தனை வருஷம்! எங்கள் குடும்பத்தின் செட்டு, செட்டு என்று நாங்கள் பெருமை பேசியதெல்லாம் அம்மாவின் சோப்புத்தான். மூன்று பேர் நுரை பொங்கக் குளிப்பதற்காக ஒருத்தி ஒத்துக்கொள்ளாத வியாதியை ஏற்படுத்திக்கொண்டாள். குடும்பம் மிச்சம் பிடிக்கவில்லை. அவள் பிடித்த மிச்சத்தில் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். எதற்காகச் சேர்க்கிறாய் என்பது முக்கியமான கேள்வியல்ல; யாருடைய பங்கிலிருந்து சேர்க்கிறாய் என்பதே கேள்வி. தன் பங்கைக் குறைத்துக்கொண்டால் அது சிக்கனம். பிறர் பங்கைக் குறைத்துவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டினால் அது உலோபம்.

அப்படியானால் அம்மா செய்தது முழுக்கச் சரிதானா என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் பல நாள் கேட்டுக்கொண்டதுண்டு. தியாகம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் தாய்மார்களின் தியாகத்தைப் பாராட்டுவது நமக்கு மிகவும் மலிவாகக் கிடைக்கிற காரியம். ஒரு காசு செலவில்லை. அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் அரைக் கட்டியைக் கால் கட்டியாக அறுத்து நாலு பேரும் குளித்திருப்போம். அந்தச் சந்தர்ப்பத்தை எங்களுக்கு அவள் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவள் சொன்ன பொய் சிறியது. நாங்கள் அதைச் சௌகரியமாக நம்பியதுதான் பெரியது.

சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறபோது காந்தியடிகளை விட்டுவிட முடியாது. 1915-ஆம் வருஷம் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. அப்போது ஒரு நாள் அவர் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்ததைக் காகா காலேல்கர் பார்த்தார். ஒரு சிறு பென்சிலைக் காணவில்லை. காலேல்கர் தம்முடைய பென்சிலைக் கொடுக்க முன்வந்தும் அவர் வாங்கவில்லை. சென்னையில் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் வீட்டுச் சின்னப் பையன் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்த பென்சில் அது. அதைத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. இருவருமாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இரண்டு அங்குலங்கூட இல்லாத துண்டு!

அந்தத் துண்டுக்குக் கடையில் என்ன விலை மதிப்பார்கள்? ஒன்றும் மதிக்க மாட்டார்கள். இங்கே காந்தியடிகள் பணத்தைச் சேமிக்கவில்லை. பையனின் பிரியத்தைச் சேமித்தார். சிக்கனமும் பரிசும் இரண்டு வெவ்வேறு சமாசாரங்கள், ஒன்றுக்குக் கீழமாசி வீதி, மற்றதற்கு ஆவணி மூல வீதி என்று நான் பிரித்து வைத்திருந்தேனே, அந்தப் பிரிவினை அந்தப் பென்சில் துண்டுக்கு முன்னால் நிற்கவில்லை. பொருளின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தவனுக்கு அதை வீணாக்கவும் மனம் வராது. பிறருக்கு ஏனோதானோ என்று கொடுக்கவும் மனம் வராது. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு கைகள்.

ஆனால் காந்தியடிகளின் வாழ்க்கையிலேயே இன்னொரு சம்பவமும் உண்டு. அவர் சோப்புப் போட்டுக்கொள்வதில்லை. உடம்பு தேய்க்க ஒரு சொரசொரப்பான கல் வைத்திருந்தார். அது மீராபென் கொடுத்தது. 1947-ஆம் வருஷத் தொடக்கத்தில், கலவரத்தில் வெந்து கிடந்த நவகாளியில் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோது, கூட இருந்து பணிவிடை செய்த மனு காந்தி அந்தக் கல்லை முந்திய கிராமத்தில் மறந்து வைத்துவிட்டாள். இருபது வயது நிரம்பாத பெண். போய்த் தேடி எடுத்து வா, தனியாகப் போ, என்று அனுப்பினார் பாபு. அவள் நடுங்கிக்கொண்டே நடந்து போய்க் கல்லைக் கண்டெடுத்து வந்தாள். இதை அவளே எழுதி வைத்திருக்கிறாள். குறையாக எழுதவில்லை, தனக்குக் கிடைத்த பாடமாகவே எழுதியிருக்கிறாள்.

காந்தியடிகளைத் தராசில் நிறுக்க நான் யார்? தாம் நடக்காத பாதையில் அவர் அந்தப் பெண்ணை அனுப்பவில்லை. அதே மண்ணில் அவரே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அது நியாயமான சமாதானம். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு கல்லின் பக்கம் நிற்பதில்லை. பாக்குத் தோப்பின் நடுவே தனியாகப் போகிற பெண்ணின் பின்னாலேயே போகிறது. மகாத்மாவின் சிக்கனமேயானாலும், அதன் செலவைக் கால் வலிக்கத் தூக்கிச் சுமந்தது இன்னொருவர் அல்லவா?

இப்போது ஷாம்புக்கு வருகிறேன். கையளவுப் பையில் ஷாம்பு அடைத்து ஏழை எளியவர்களும் வாங்கும்படி செய்த பெருமை நம் கடலூருக்கு உரியது. அங்கிருந்து புறப்பட்ட சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு ‘சிக்’ ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். காலிப் பைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பை ஷாம்பு இலவசம் என்ற உபாயமும் அவர் செய்ததுதான். வேறொரு வேடிக்கையும் உண்டு. பெரும்பாலும் எடை அதிகமானால் விலை குறைய வேண்டும். ஷாம்பிலோ, நம் நாட்டில் பாட்டிலைவிடப் பல சமயம் பைதான் மில்லிலிட்டருக்கு மலிவு. அதனால் ஏழைக்கென்று வந்த பையை என்னைப் போன்ற கண்ணாடிக்காரர்கள் சரம் சரமாக வாங்கி வந்து குளியலறையில் தொங்கவிடுகிறோம். எனக்கு மாதம் சில ரூபாய் மிச்சம். கிழித்துப் போட்ட பைகள் என்ன ஆகின்றன? அவை மக்குவதில்லை. பழைய காகிதக்காரனும் எடுப்பதில்லை. மழைக்காலத்தில் தெருச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்போது குத்துக்கோலோடு வந்து இறங்குகிறானே ஒரு மனிதன், என் சில ரூபாய் மிச்சம் அவன் கையில் போய்த் தங்குகிறது.

வள்ளுவர் ஈகைக்கென்று ஓர் அதிகாரமே செய்திருக்கிறார். ஆனால் அளவறிந்து கொடுக்க வேண்டும், வரவு சிறியதானாலும் செலவு அதற்குள் அடங்க வேண்டும் என்பதை அவர் அங்கே வைக்கவில்லை. 48-ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் வைத்திருக்கிறார். அரசன் படையெடுக்கும் முன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் எடை போட வேண்டும் என்று சொல்லுகிற அதிகாரம் அது; மயிலிறகு ஏற்றிய வண்டி வருவதும் அதில்தான். வீட்டு வரவு செலவைக் கொண்டுபோய் யுத்தத்தின் நடுவே ஏன் வைத்தார் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. இப்போது ஒருவாறு விளங்குகிறது. சுமையைத் தாங்குகிறவன் யார் என்று தெரியாமல் போருக்கும் போகக்கூடாது, கடைக்கும் போகக்கூடாது.

ஆக, என் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த நான்காவது கட்டி பரிசா, மிச்சமா?

அன்றைக்கு நான் கொடுத்ததில் என் பங்கு எதுவும் குறையவில்லை. குங்குமச் சிமிழுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்த நான், பதினோரு வருஷமாக என் வீட்டு அழுக்கை எடுக்கிறவளுக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கவில்லை. அவளுக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் கிடையாது. கடைக்காரன் எனக்குத் தள்ளிவிட்டதை நான் அவளுக்குத் தள்ளிவிட்டேன். நடுவில் தர்மவான் என்ற பட்டத்தையும் இலவசமாக எடுத்துக்கொண்டேன். ஆகவே அது மிச்சம்தான். இந்த முடிவுக்கு வந்து, மனைவியிடம் ஒப்புக்கொள்ளுவதற்கு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்து சில நாள் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, வேலையை முடித்துவிட்டு அந்த அம்மாள் வெளியே வந்தாள். ஏதோ தோன்றிற்று, கேட்டேன்.

“அந்தச் சோப்பு எப்படிம்மா இருந்தது?”

“நல்ல வாசனைங்கய்யா. மக காலேசுக்குப் போறால்ல, அவகிட்டக் குடுத்துட்டேன். பெட்டியிலே வச்சு வச்சுப் போட்டுக்கிடுறா.”

“நீங்க போட்டுக்கிடலையா?”

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“எனக்கு வாசனைச் சோப்பெல்லாம் ஒத்துக்கிடாதுங்கய்யா.”

பேனா என் கையில் அப்படியே நின்றுவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன் அடுப்படிப் பக்கமிருந்து கேட்ட அதே வாக்கியம். என் கையில் இருந்த வரையில் மிச்சமாக இருந்த பொருள், அவள் கையில் ஏறியதும் பரிசாகிவிட்டது. ஏனென்றால் அவள் அதைத் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அடுத்த முறை கீழமாசி வீதிக்குப் போனபோது ஜாபிதாவின் தலைப்பில் இரண்டு சந்தன சோப்பு என்று எழுதிக்கொண்டேன். கண்ணாடியை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஒன்றை அவள் மகளுக்கு என்றும் இன்னொன்றை அவளுக்கு என்றும் சொல்லிக் கொடுத்தேன். ‘இது உங்களுக்கு’ என்று அழுத்திச் சொன்னேன். கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

ஒத்துக்கிடுகிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை. சில நாளைக்கு முன், முற்றத்தில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது காற்று எங்கள் பக்கமாக வீசியது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.